காரம் காக்கும் இடமும் கரைக்கும் இடமும்

பாய்லருக்குள் இருக்கும் தண்ணீரின் பி.எச். 11க்கு மேல் இருக்க வேண்டும் என்று சொன்னால், புதிதாக வேலைக்குச் சேர்ந்த அட்டெண்டர் நம்பத் தயங்குவார். காஸ்டிக் சோடா பட்டால் கைத்தோலே வழன்றுவிடுகிறது, இரும்பு மட்டும் தாங்குமா என்று கேட்பார். தாங்கும். அந்தக் காரம் இல்லாமல் போனால்தான் இரும்பு வேகமாக அரிக்கும். ஆனால் அதே காரம், விரல்நுனி அகலமுள்ள சில மூலைகளில் மட்டும் பல நூறு மடங்கு கெட்டிப்பட்டு, எஃகைக் கரைக்கும்; சில சமயம் விரிசல் விடவும் வைக்கும். அந்த மூலைகள் எவை, அங்கே காரம் எப்படிச் சேர்கிறது, சேராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதே இந்த அத்தியாயம். சாயப்பட்டறை, ரைஸ் மில், பால் பண்ணை போன்ற இடங்களில் 10 கிலோ பிரஷர் வரை ஓடும் ஸ்மோக் டியூப் பாய்லர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அனல்மின் நிலையப் பாய்லருக்குக் கணக்கே வேறு.

கருப்புத் தோல்

ஆக்சிஜனை முழுக்க நீக்கிய வெந்நீரில்கூட எஃகு சும்மா இருப்பதில்லை. நீர் மூலக்கூறிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜனை வெளியே விடும். இப்படி உண்டாவது மேக்னடைட் என்ற கருப்பு இரும்பு ஆக்சைடு. காந்தத்தில் ஒட்டும், எஃகோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். இந்தப் படலம் வளர வளர, தண்ணீர் எஃகைத் தொடுவது குறைகிறது. அரிப்பும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. புதுப் பாய்லரை ஓட்டத் தொடங்கிய சில வாரங்களில் உள்ளே சீரான கருப்பு நிறம் ஏறுவது இதனால்தான். அதைச் சுரண்டிப் பளபளப்பாக்க நினைக்கும் மேஸ்திரிகளைத் தடுத்து நிறுத்துங்கள். அந்தக் கருப்புதான் பாய்லரின் ஆயுள்.

இந்தப் படலம் எந்தத் தண்ணீரில் கரையாமல் நிற்கும் என்பதுதான் விஷயம். பி.எச். 8.5க்குக் கீழே போனால் கரையத் தொடங்கும். அமிலத்தில் விரைவாகக் கரையும். 8.5க்கும் ஏறக்குறைய 12.7க்கும் நடுவே நிலையாக நிற்கும். அதற்கும் மேலே மறுபடி கரையும். அதாவது அமிலமும் ஆகாது, மிதமிஞ்சிய காரமும் ஆகாது. இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 10392 சிறு பாய்லர்களுக்கு 11 முதல் 12 வரை என்று வகுத்திருப்பது இந்த இரண்டு எல்லைகளுக்குள் பத்திரமாக நிற்பதற்காகத்தான். இன்னொரு பயனும் உண்டு: இந்த அளவு காரம் இருந்தால்தான் பாஸ்பேட் மருந்து, மிச்சமிருக்கும் கடினத்தன்மையைக் கெட்டி ஸ்கேலாக ஒட்டவிடாமல் சேறாக ஆக்கி, புளோ டவுனில், அதாவது பாய்லரின் அடித்தண்ணீரைத் திறந்துவிடும்போது, வெளியேற்றும்.

காரம் எங்கிருந்து வருகிறது

பெரும்பாலான சின்னப் பாய்லர்களில் காஸ்டிக்கை யாரும் வாளியில் கலந்து ஊற்றுவதில்லை. போர்வெல் தண்ணீரோடு அது தானே வந்து சேர்கிறது. நிலத்தடி நீரில் கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட் இருக்கும். சாப்ட்னர் அந்தக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் சோடியத்தை விடுகிறது. பைகார்பனேட்டைத் தொடுவதே இல்லை. ஆக, சாப்ட்னரைத் தாண்டி வருவது சோடியம் பைகார்பனேட், அதாவது ஆப்ப சோடா கரைந்த தண்ணீர். பாய்லர் வெப்பத்தில் அது கார்பன் டை ஆக்சைடை இழந்து சலவைச் சோடாவாகிறது. சலவைச் சோடாவில் பெரும்பகுதி மேலும் சிதைந்து காஸ்டிக் சோடாவாகிறது. பிரஷர் கூடக்கூட இந்த மாற்றமும் கூடும்.

சாப்ட்னர் இல்லாத காலத்தில் கால்சியமும் பைகார்பனேட்டும் ஒன்றாகச் சேர்ந்து சுண்ணாம்பு ஸ்கேலாக டியூப்பில் ஒட்டின. டியூப் கெட்டது, ஆனால் காரம் தண்ணீரில் சேரவில்லை. சாப்ட்னர் வந்ததும் ஸ்கேல் தொல்லை போய், காரம் அப்படியே தண்ணீரில் தங்கத் தொடங்கிவிட்டது. விற்பனைக்கு வருகிறவர் இந்தப் பாதியைச் சொல்ல மாட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாப்ட்னரிலிருந்து வரும் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) 500, அல்கலினிட்டி (காரத்தன்மை) 250 என்று, லிட்டருக்கு மில்லிகிராமில், வைத்துக்கொள்வோம். பாய்லருக்குள் டி.டி.எஸ். 3500 வரை விடலாம் என்பது தர நிர்ணயம். மீட்டரைப் பார்த்து 3500 வரும்வரை புளோ டவுன் செய்யாமல் ஓட்டினால் தண்ணீர் 7 மடங்கு அடர்ந்திருக்கும். அல்கலினிட்டியும் 7 மடங்கு ஏறி 1750 ஆகும். அதற்கான வரம்போ 700தான். டி.டி.எஸ். மீட்டர் எல்லாம் சரி என்று காட்டும்போதே காரம் இரண்டரை மடங்கு மிஞ்சி நிற்கிறது. நம் பகுதிப் பட்டறைகளில் நான் அடிக்கடி காணும் நிலை இது. டி.டி.எஸ். மட்டும் பார்த்து புளோ டவுன் செய்கிறவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள்.

அல்கலினிட்டியை 700க்குள் வைக்க வேண்டுமென்றால் இந்தத் தண்ணீரை மூன்று மடங்குகூட அடர விட முடியாது. உள்ளே போகும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாக்கடைக்குப் போகும். அதோடு விறகும் எரிந்து போகும். இதற்கு நல்ல தீர்வுகள் இரண்டு. கண்டன்சேட்டை, அதாவது ஸ்டீம் குளிர்ந்து ஆன தண்ணீரை, முடிந்தவரை திரும்பக் கொண்டுவருவது ஒன்று. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவது மற்றொன்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாட்டுக்கு மாறிய திருப்பூர்ப் பட்டறைகளிடம் ஆர்.ஓ. தண்ணீர் இருக்கிறது. அங்கே சிக்கல் நேர்மாறானது. ஆர்.ஓ. சவ்வு உப்பைத் தடுக்கும், கரைந்த கார்பன் டை ஆக்சைடைத் தடுக்காது. எனவே தண்ணீரின் பி.எச். 6க்குப் பக்கத்தில் வரும். அந்தத் தண்ணீருக்குக் காரத்தை நாமே அளந்து சேர்க்க வேண்டும். போர்வெல் காலத்தில் போட்ட மருந்துக் கணக்கையே ஆர்.ஓ. தண்ணீருக்கும் வைத்துக்கொண்டு ஓட்டுவது அரிப்பை விலைக்கு வாங்குவது.

எழுநூறு மடங்கு

தர நிர்ணயம் அனுமதிக்கும் காஸ்டிக் அல்கலினிட்டி, கால்சியம் கார்பனேட் கணக்கில், 350. காஸ்டிக் சோடாவாகக் கணக்கிட்டால் லிட்டருக்கு 280 மில்லிகிராம், சதவீதத்தில் 0.028. இந்த அளவில் மேக்னடைட் படலத்துக்கு ஆபத்தே இல்லை. படலத்தை வேகமாகக் கரைக்கப் பல சதவீதம் காஸ்டிக் வேண்டும். 20 சதவீதம் என்றால் 700 மடங்குக்கும் மேல். அவ்வளவு எங்கிருந்து வரும்?

நீர் ஆவியாகிப் போய், உப்பு மட்டும் பின்தங்கும் இடங்களிலிருந்து. தூத்துக்குடி உப்பளப் பாத்தியில் நடப்பதுதான் டியூப் சுவரிலும் நடக்கிறது. பாத்திக்கு வாரக்கணக்கு, டியூப்புக்கு நிமிடக்கணக்கு. டியூப்பின் மேல் சேறோ ஸ்கேலோ படிந்திருந்தால், அதன் நுண்துளைகள் வழியே தண்ணீர் உள்ளே இறங்கும், ஆவியாகி வெளியேறும், காஸ்டிக் அங்கேயே தங்கும். புதுத் தண்ணீர் வந்து அலசிவிட வழியில்லை. சாதாரண உப்பு, கரைசல் ஓரளவு கெட்டியானதும் படிகமாகப் பிரிந்துவிடும். காஸ்டிக் அப்படியல்ல, கரைந்தபடியே கெட்டியாகும்; கெட்டியாக ஆக அதன் கொதிநிலையும் ஏறிக்கொண்டே போகும். திறந்த பாத்திரத்தில் 20 சதவீதக் கரைசல் 108 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும்; 50 சதவீதம் 140ஐத் தாண்டித்தான் கொதிக்கும். ஆகவே படிவின் அடியில் இருக்கும் உலோகம் சுற்றியுள்ள தண்ணீரைவிட எட்டுப் பத்து டிகிரி கூடுதலாகச் சூடானாலே போதும், அங்கே 20 சதவீதக் காஸ்டிக் திரவமாகவே தங்கிவிடும். அது மேக்னடைட்டைக் கரைத்து, அடியிலுள்ள இரும்பையும் கரைத்து, சோடியம் ஃபெர்ரைட் என்ற கரையும் உப்பாக்கும். பாய்லர் தண்ணீரை எத்தனை முறை சோதித்தாலும் பி.எச். 11.5 என்றுதான் காட்டும். சேதம் நடப்பது அந்தத் தண்ணீரில் இல்லை.

இந்த அரிப்பின் அடையாளம் வழவழப்பான குழி. கரண்டியால் வழித்தெடுத்தது போல ஓரங்கள் மழுங்கியிருக்கும். குழிக்குள் கெட்டிக் கருப்புப் படிவும் வெள்ளைப் படிகங்களும் கலந்து கிடக்கும். ஸ்மோக் டியூப் பாய்லரில் முதலில் பார்க்க வேண்டியது ஃபர்னஸின் மேல்பக்கமும், நெருப்பு திரும்பும் பக்கத்து டியூப் பிளேட்டும். வெப்பம் மிகுதியாகப் பாய்வது அங்கேதான், சேறு தங்கினால் கெடுவதும் அங்கேதான்.

விரிசல்

கரைவதையாவது அளந்து பார்க்கலாம். விரிசல் அப்படிச் சொல்லிவிட்டு வராது. சூடான கெட்டிக் காஸ்டிக், இழுவிசையில் இருக்கும் எஃகு, இவை இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் உலோகத்தின் மணிகளுக்கு இடையே விரிசல் ஓடும். எஃகு மெலிவதில்லை, வெளியே துரு தெரிவதில்லை. ரிவிட் அடித்த பழைய பாய்லர்களில் இது பெரும் கொள்ளைநோயாக இருந்தது. ரிவிட் இணைப்புக்குள் கசியும் தண்ணீர் ஆவியாகி, காஸ்டிக் மட்டும் இடுக்கில் சேரும். சுத்தியலால் தட்டிப் பார்க்கும்போதே ரிவிட் தலைகள் தெறித்து விழுந்தன. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் பார் என்ற வேதியியலாளர், மென் எஃகை நொறுங்கவைப்பது காஸ்டிக் சோடாவே என்று 1917இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். பிற்காலத்தில் ரயில் எஞ்சின் பாய்லர்களில் சோடியம் நைட்ரேட்டைச் சேர்த்து இதைக் கட்டுப்படுத்தினார்கள். ஐ.எஸ். 10392இல் நைட்ரேட்டுக்கும் அல்கலினிட்டிக்கும் 0.4 என்ற விகிதம் இன்றும் இருப்பது அந்த அனுபவத்தின் மிச்சம்.

ரிவிட் போய் வெல்டிங் வந்ததும் நோய் குறைந்தது, ஒழியவில்லை. இன்றைய பாய்லரில் ரிவிட்டின் இடத்தில் இருப்பது ரோல் செய்த, அதாவது துளைக்குள் விரித்து இறுக்கிய, டியூப் முனை. ரோல் செய்யும்போது உலோகம் இழுபட்டு, அந்த இழுவிசையோடே தங்கிவிடுகிறது. அங்கே மெல்லிய கசிவு இருந்தால் தண்ணீர் வெளியே வரும் முன்பே ஆவியாகிவிடும், சொட்டுகூடத் தெரியாது. தெரிவது டியூப்பைச் சுற்றி ஒரு வெள்ளைப் பொறுக்கு மட்டும். அதைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை ரோல் போடுவது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு ரோலும் இழுவிசையைக் கூட்டுகிறது, இடுக்கில் காஸ்டிக் ஏற்கெனவே இருக்கிறது. விரிசலுக்குத் தேவையான இரண்டையும் நாமே கொண்டுவந்து சேர்க்கிறோம்.

பாய்லருக்கு வெளியேயும் இதே ஆபத்து உண்டு. மெர்சரைசிங் செய்யும் ஆலைகளில் காஸ்டிக் ரெக்கவரி பிளாண்டும் ஸ்டீம் காயில் வைத்த காஸ்டிக் தொட்டிகளும் இருக்கும். சாதாரண எஃகில், 50 சதவீதக் கரைசலை ஏறக்குறைய 45 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால், வெல்டிங் செய்த பிறகு சுமார் 620 டிகிரியில் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்தியிருக்க வேண்டும். அதைச் செய்யாத தொட்டியின் வெல்ட் ஓரத்தில்தான் முதல் விரிசல் வரும்.

ஆக்சிஜன்

இத்தனை சொன்னாலும், சின்னப் பாய்லர்களில் டியூப்பைத் தின்பதில் முதலிடம் காஸ்டிக்குக்கு இல்லை, ஆக்சிஜனுக்குத்தான் என்பது என் முடிவு. காரத் தண்ணீரில் ஆக்சிஜன் வேலை செய்யும் விதம் தனி. படலம் எஃகின் பெரும்பரப்பைக் காத்து நிற்பதால், அரிப்பு முழுவதும் படலம் பழுதான சில புள்ளிகளில் குவிகிறது. மேலே செம்பழுப்பு மூடி, அடியில் கருப்புப் பொடி, அதற்கும் கீழே ஊசி இறங்குமளவு குழி. மொத்த எஃகில் ஒரு சதவீதம்கூடப் போயிருக்காது, டியூப் மட்டும் ஓட்டையாகிவிடும்.

30 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 85 டிகிரிக்குச் சூடாக்கினால் 2க்குச் சற்று மேல். ஒரு பங்கு ஆக்சிஜனை நீக்க 8 பங்கு சோடியம் சல்பைட் வேண்டும். ஃபீட் டேங்கைக் கண்டன்சேட்டாலோ கொஞ்சம் ஸ்டீமாலோ சூடாக வைத்தாலே மருந்துச் செலவு மூன்றில் ஒரு பங்காகிவிடும். பாய்லர் தண்ணீரில் சல்பைட் 30 முதல் 50 வரை மிச்சம் இருக்க வேண்டும். ஹைட்ரசீனை ரைஸ் மில்லிலும் பால் பண்ணையிலும் நினைத்தே பார்க்காதீர்கள். ஸ்டீம் நேரே நெல்லில் படுகிறது.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பட்டறை பத்து நாள் மூடிக் கிடக்கும்போது ஒரு வருட ஓட்டத்தில் ஆகாத குழி ஆகிவிடும். பாய்லர் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, வால்வு வழியாகக் காற்றை இழுக்கும். பாதித் தண்ணீரும் பாதிக் காற்றுமாக நிற்கும் பாய்லரில் தண்ணீர் மட்டக் கோட்டை ஒட்டி வரிசையாகக் குழி விழும். ஆகவே நிறுத்தும் முன் பி.எச்.சை 11க்குக் கொண்டுவந்து, சல்பைட் 200க்குக் குறையாமல் போட்டு, ஒருமுறை கொதிக்கவைத்துக் கலக்கி, உச்சிவரை தண்ணீரை நிரப்பி மூடுங்கள். மாதக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் சூட்டோடு வடித்துவிட்டு, உள்ளே உலர்த்தி, தட்டுகளில் சுட்ட சுண்ணாம்பை வைத்து மேன்ஹோலை மூடுவது நல்லது.

பாய்லரைத் தாண்டி

பைகார்பனேட் சிதையும்போது பிரிந்த கார்பன் டை ஆக்சைடு ஸ்டீமோடு போய்விடுகிறது. ஃபீட் தண்ணீரில் 100 அல்கலினிட்டி இருந்தால், ஸ்டீமில் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 80 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு. ஸ்டீம் குளிர்ந்து கண்டன்சேட் ஆகுமிடத்தில் அது கரைந்து அமிலமாகும். பாய்லருக்குள் காரம் மிகுந்திருக்கும் அதே தண்ணீர்தான் கண்டன்சேட் லைனை அமிலத்தால் அரிக்கிறது. குழாயின் அடிப்பக்கம் வாய்க்கால்போல் பள்ளம் விழுந்திருந்தாலும், மரையிட்ட இடத்தில் மெலிந்து ஒழுகினாலும் குற்றவாளி இதுவே. திரும்பி வரும் கண்டன்சேட் செந்நிறமாக இருந்தால் அந்த இரும்பு பாய்லருக்குள்தான் போய்ப் படிகிறது. அந்தப் படிவின் அடியில் என்ன நடக்கும் என்று மேலே பார்த்தோம்.

பம்ப்பிலிருந்து பாய்லருக்குப் போகும் வெந்நீர் லைனையும் விட்டுவிடாதீர்கள். 130 முதல் 150 டிகிரி வரையுள்ள, ஆக்சிஜன் நீங்கிய தண்ணீர் வேகமாகச் சுழலும் இடத்தில், பி.எச். 9க்குப் பக்கத்தில் நின்றால் மேக்னடைட் ஓயாமல் கரைந்துகொண்டே இருக்கும். ஜப்பானில் மிஹாமா அணுமின் நிலையத்தின் 3ஆம் உலையில் 2004 ஆகஸ்ட் 9 அன்று 140 டிகிரித் தண்ணீர் ஓடிய எஃகுக் குழாய் இப்படி மெலிந்து வெடித்து, 5 தொழிலாளர்கள் இறந்தனர். 1976இல் உலை இயங்கத் தொடங்கியதிலிருந்து அந்த இடத்தின் கனத்தை யாரும் அளக்கவே இல்லை. எக்கனாமைசர் வைத்த பாய்லர் என்றால் வால்வுக்கும் எல்போவுக்கும் அடுத்துள்ள குழாயை வருடம் ஒருமுறை அல்ட்ராசோனிக் கருவியால் அளக்கச் சொல்லுங்கள்.

தினசரிச் சோதனை

பி.எச். தாள் மட்டும் போதாது. 11.5க்கும் 12.2க்கும் உள்ள நிற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. காஸ்டிக் அளவில் அது ஐந்து மடங்கு. பீ, எம் என்ற இரண்டு டைட்ரேஷனைச் செய்யுங்கள். 100 மில்லி சாம்பிளில் ஃபினால்ஃப்தலீன் விட்டு, இளஞ்சிவப்பு மறையும்வரை 0.02 நார்மல் கந்தக அமிலம் சேர்ப்பது பீ. தொடர்ந்து மெத்தில் ஆரஞ்சு விட்டு, மஞ்சள் ஆரஞ்சாகும்வரை சேர்த்த மொத்த அமிலம் எம். ஒவ்வொரு மில்லியும் 10 அல்கலினிட்டி. பீயை இரட்டித்து எம்மைக் கழித்தால் வருவது காஸ்டிக் அல்கலினிட்டி. பீ 450, எம் 600 என்றால் காஸ்டிக் 300, கவலையில்லை. பீ 900, எம் 1100 என்றால் காஸ்டிக் 700. வரம்புக்கு இரு மடங்கு, உடனே புளோ டவுன்.

சாம்பிளைக் கூலர் வழியாகத்தான் எடுக்க வேண்டும். 7 கிலோ பிரஷரில் 170 டிகிரியில் இருக்கும் தண்ணீரைத் திறந்த வாளியில் பிடித்தால் ஏழில் ஒரு பங்கு ஆவியாகப் பறந்துவிடும். மிச்சத்தைச் சோதித்தால் எல்லா அளவும் கூடுதலாகவே வரும். 25 டிகிரிக்கு ஆறவைத்த சாம்பிளின் பி.எச்.தான் நாம் பேசும் பி.எச். கேஜ் கிளாஸ் உள்பக்கம் பால்போல் மங்கி, தண்ணீர் மட்டத்துக்கு மேல் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டிக் காரம் கண்ணாடியையும் கரைக்கும்.

பாய்லரைத் திறக்கும் நாளில்

இன்ஸ்பெக்ஷனுக்காகத் திறக்கும்போது, கழுவும் முன்பே உள்ளே பாருங்கள். எல்லோரும் முதலில் ஹோஸைப் பிடித்துச் சேற்றை அடித்துவிடுகிறார்கள். படிவு எங்கே, என்ன நிறத்தில், எவ்வளவு கனத்தில் இருந்தது என்ற சாட்சியமெல்லாம் அதோடு போய்விடும். செல்போனில் படம் எடுத்துவிட்டுப் பிறகு கழுவுங்கள். ஒட்டியிருப்பதைச் சுரண்டி உறையில் போட்டு, இடத்தின் பெயரை எழுதி வையுங்கள். டியூப் முனைகளில் வெள்ளைப் பொறுக்கு இருந்தால் துடைத்துவிட்டு, காந்தத் துகள் சோதனையோ, அதற்கு வசதியில்லையென்றால் டை பெனட்ரன்ட் சோதனையோ செய்யச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலை, சில ஆயிரம் ரூபாய்.

விரிசல் தெரிந்தால் அதன்மேல் வெல்டிங் வைத்து மூடச் சொல்லும் ஆலோசனைக்குக் காது கொடுக்காதீர்கள். மணிகளுக்கு இடையே பரவிய விரிசல் கண்ணுக்குத் தெரிவதைவிட நீளமாக இருக்கும். வெல்டிங் சூடு அதை இன்னும் ஓட வைக்கும். அந்தப் பகுதியை வெட்டியெடுத்து மாற்றுவதே வழி. 1923ஆம் ஆண்டு இந்தியப் பாய்லர் சட்டத்திலும், அதன் இடத்துக்கு வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டத்திலும், பாய்லர் உடலில் இப்படிப்பட்ட பழுதுவேலையைப் பாய்லர் துறையின் அனுமதி பெற்று, தகுதிச் சான்றுள்ள வெல்டரைக் கொண்டுதான் செய்ய முடியும். அனுமதி வரும்வரை அடுப்பை மூட்டாதீர்கள்.